ஃபில்டர் மாட்டியும் ஏன் காய்ச்சல்?

கேள்வி:

என் மகளுக்கு ஏழு வயது. ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது தலசீமியா மேஜர், பிறவியிலேயே உடம்பு சரியாக ரத்தம் தயாரிக்காத நோய், என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றி வருகிறோம். போன வருஷம் வரை ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது ஐந்தாறு தடவையாக, ரத்தம் ஏறி முடியும் நேரத்தில் குளிர்விட்டு உதறுகிறது, பிறகு காய்ச்சல். ஊசி போட்டால் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. வெள்ளை அணுதான் காரணம், ஃபில்டர் வாங்கி வாருங்கள் என்றார்கள். 1,200 ரூபாய் கொடுத்து வெளியே வாங்கினோம். முதல் முறை காய்ச்சல் வரவில்லை. அடுத்த முறை ஃபில்டர் மாட்டியும் வந்துவிட்டது. ‘வெள்ளை அணுதானே நோயை எதிர்க்கிறது, அதை எடுத்துவிட்டுக் கொடுத்தால் பிள்ளைக்குத் தெம்பு குறையாதா’ என்று என் மாமியார் கேட்கிறார். ஒரு ஃபில்டரைக் கழுவி வைத்து அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாமா? என் தம்பிக்கும் அவளுக்கும் ஒரே குரூப். ‘தாய்மாமன் நான் இருக்கும்போது முகம் தெரியாதவன் ரத்தம் எதுக்கு’ என்கிறான். நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். எது சரி என்று சொல்லுங்கள்.

— ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. ‘ஊசி போட்டால் அடங்கிவிடுகிறது.’ ஃபில்டருக்குப் போகும் முன் அதைப் பேசிவிடலாம்.

ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதோ, ஏறி முடிந்து நான்கு மணி நேரத்துக்குள்ளோ உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் (உங்கள் வீட்டுத் தெர்மாமீட்டரில் ஏறக்குறைய 2 டிகிரி ஃபாரன்ஹீட்) முதலில் செய்ய வேண்டியது டிரிப்பை மூடுவது. மெதுவாக ஓட விடுவதில்லை, மூடுவது. ஊசியை எடுக்காமல் வெறும் சலைன் போட்டு லைனைத் திறந்து வைத்துக்கொண்டு, பையில் உள்ள பெயர், குரூப், பை எண் எல்லாம் குழந்தையின் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். மீதி ரத்தத்தோடு பையும் டியூபும் ரத்த வங்கிக்குத் திரும்பி வர வேண்டும். குழந்தையிடமிருந்து புதிதாக எடுத்த ரத்த மாதிரியும் கூடவே வர வேண்டும். (சட்டத்தில் 2020இல் ‘ரத்த மையம்’ என்று பெயர் மாறிவிட்டது. அங்கே டாக்டராக இருக்கும் நாங்களே இன்னும் பிளட் பேங்க் என்றுதான் சொல்கிறோம், அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

ஏன் இத்தனை கெடுபிடி என்றால், குரூப் மாறிப்போன ரத்தமும் முதலில் காய்ச்சலாகத்தான் காட்டிக்கொள்ளும். பாக்டீரியா புகுந்த பையும் அப்படித்தான். வெள்ளை அணுக் காய்ச்சல் என்பது இவையெல்லாம் இல்லை என்று பார்த்து முடித்த பிறகு வைக்கும் பெயர். பார்க்காமலே ஏவில் என்ற அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு மிச்ச ரத்தத்தையும் ஏற்றிவிடுவது நம் வார்டுகளில் பழகிப்போய்விட்டது. பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் ஆகாது என்பதே அந்தப் பழக்கத்துக்குத் துணை. இடுப்பு வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் சிவப்பாகப் போவது, குழந்தை துவண்டு போவது, இதில் ஏதாவது ஒன்று காய்ச்சலோடு சேர்ந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கிளாம்ப்பை நீங்களே மூடிவிட்டு சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

ஆறு வருஷத்துக்கு மேலாக ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பிறருடைய சிவப்பணுக்களுக்கு எதிராகவே உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். அதனால் வெள்ளை அணு மேல் பழியைப் போடும் முன், அதைக் கண்டுபிடிக்கும் ‘ஆன்டிபாடி ஸ்கிரீனிங்’, ‘கூம்ப்ஸ் டெஸ்ட்’ இரண்டையும் செய்யச் சொல்லுங்கள். இந்த இரண்டு பெயரையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். இதில் குற்றம் எதுவும் இல்லை என்றால்தான் நாம் அடுத்ததைப் பேசலாம்.

இல்லை என்றே வைத்துக்கொண்டு பேசுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில், ஏறி முடியும் நேரத்தில் உதறல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிவு, மறுநாள் பிள்ளை ஓடியாடி விளையாடுவது என்றால், வெள்ளை அணுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தானம் கொடுப்பவரிடம் நாங்கள் 350 மில்லி அல்லது 450 மில்லி எடுக்கிறோம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கில், சராசரியாக 7,000 வெள்ளை அணு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 350 மில்லியில் சுமார் 245 கோடி. உங்கள் மகளுக்கு வேண்டியது அந்தப் பையின் சிவப்பணு மட்டும்தான். இந்த 245 கோடி பேரும் கூப்பிடாமல் கூட வரும் கூட்டம். பையைச் சுழற்றி பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப் பகுதியை, பிரிக்கும்போது இவர்களில் ஒரு பகுதி போனாலும் பெரும்பகுதி சிவப்பணுவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

முதல் சில வருஷம் இது தெரியாது. பிறரது வெள்ளை அணுவின் மேல் உள்ள அடையாளங்களை அவள் உடம்பு ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்கிறது, எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. ஒரு கட்டத்தில் புதிய பை உள்ளே போனதுமே அவை பாய்ந்து பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தகராறில் கிளம்பும் ரசாயனங்கள்தான் உதறலும் காய்ச்சலும். ‘போன வருஷம் வரை ஒன்றும் இல்லையே’ என்று நீங்கள் எழுதியது இந்தக் கதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கும், முன்பின் ரத்தமே ஏற்றாதவர்களாக இருந்தாலும், இப்படி வருவதுண்டு. வயிற்றில் சுமந்த பிள்ளையின் அணுக்களைப் பார்த்தே அவர்கள் உடம்பு அந்தப் பாடத்தைப் படித்திருக்கும்.

1957இல் அமெரிக்க மருத்துவர்கள் பிரிட்டிங்ஹாம், சாப்ளின் இருவரும் இந்தக் காய்ச்சலை வெள்ளை அணுவோடு முடிச்சுப் போட்டுக் காட்டினார்கள். வடிகட்டும் யோசனை அதற்கும் பழையது. பெனிசிலின் கண்டுபிடித்த அதே அலெக்சாண்டர் ஃபிளெமிங், பெனிசிலினுக்கு இரண்டு வருஷம் முன்பே, 1926இல், ரத்தத்தைச் சாதாரணப் பஞ்சு வழியாக விட்டு வெள்ளை அணுவைப் பிரித்திருக்கிறார். இன்று நீங்கள் 1,200 ரூபாய்க்கு வாங்கும் ஃபில்டரும் அந்தப் பஞ்சின் பேத்திதான். உள்ளே இருப்பது பாலியெஸ்டர் நார், மிக மெல்லியதாக நெய்யாமல் அடுக்கி அழுத்தியது. சிவப்பணு வளைந்து நெளிந்து சந்து பொந்தில் புகுந்து வெளியே வந்துவிடும். வெள்ளை அணு அளவிலும் பெரிது, நாரில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால் உள்ளேயே தங்கிவிடும். வழக்கமான பிளட் செட்டின் நடுவில் ஒரு வலை தெரியுமே, அதையும் ஃபில்டர் என்றுதான் சொல்கிறார்கள்; அது கட்டிப்போன ரத்தத் துணுக்குகளைப் பிடிக்க மட்டும்தான். அதன் ஓட்டை ஏறக்குறைய 200 மைக்ரான். 10, 15 மைக்ரான் இருக்கும் வெள்ளை அணுவுக்கு அது ஊர்க் கோயில் கோபுர வாசல் மாதிரி.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. முதல் முறை ஃபில்டர் வேலை செய்தது, இரண்டாம் முறை ஏன் செய்யவில்லை?

அன்று ஏற்றிய பையின் தேதியைப் பார்த்திருந்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. நாங்கள் சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைக்கிறோம்; பையில் என்ன திரவம் இருக்கிறது என்பதைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். சிவப்பணுதான் தாங்கும். வெள்ளை அணு அந்தக் குளிரில் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே உடைய ஆரம்பித்துவிடும். உடையும்போது தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் பைக்குள் கொட்டிவிட்டுப் போகும். காய்ச்சலைக் கிளப்பும் ரசாயனங்களும் அதில் உண்டு, உடைந்த துண்டு துணுக்குகளும் உண்டு. இந்தச் சங்கதி பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) பையில் வேகமாக நடக்கும், ஏனென்றால் அதை 22 டிகிரியில் வைக்கிறோம். சிவப்பணுப் பையில் மெதுவாக நடக்கும். மெதுவாக என்றாலும் மூன்று நான்கு வாரம் சும்மா இருக்குமா?

கட்டிலருகே மாட்டும் ஃபில்டர் முழு அணுவைப் பிடிக்கும். கரைந்துபோனதை அது பிடிக்காது. காபிக் கொட்டையை வடிகட்டலாம், டிகாக்ஷனை எப்படி வடிகட்டுவது?

ஆகவே எடுக்கிறோமா என்பதோடு எப்போது எடுக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் விஷயம். தானம் எடுத்த அன்றோ, மறுநாளோ, குளிர்பெட்டியில் அடுக்கும் முன்பே வெள்ளை அணுவை வடித்துவிட்டால் கொட்டுவதற்கு ஆளே இருக்க மாட்டார்கள். இதற்கு எங்கள் பாஷையில் ‘ப்ரீ ஸ்டோரேஜ் லூகோரிடக்ஷன்’ என்று பெயர். நீங்கள் வாங்கியது ‘பெட்சைட் ஃபில்டர்’. உங்கள் ஊர் மருத்துவமனையில் இரண்டையும் ‘ஃபில்டர் ரத்தம்’ என்ற ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

கட்டில் ஃபில்டருக்கு இன்னொரு குறையும் உண்டு, இதை யாரும் நோயாளிகளிடம் சொல்வதில்லை. எங்கள் அறையில் வடிக்கும்போது குளிர்ந்த ரத்தம், அரை மணி நேரத்துக்குள், ஒரே சீராக இறங்கும். உங்கள் மகளுக்கு நாங்கள் மூன்று, மூன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறோம். மே மாத வார்டில் ஃபேன் ஓடியும் ஓடாமலும் இருக்கும். ரத்தம் சூடாகிக்கொண்டே மெதுவாக ஓடும்போது ஃபில்டரின் பிடி ஒரே மாதிரி இருப்பதில்லை. எத்தனை வெள்ளை அணு மிஞ்சியது என்று கட்டிலருகே யாரும் எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம். வடித்த பைகளில் மாதிரிக்குச் சிலதை எடுத்து, நஜோட் சேம்பர் என்ற கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது என் பயிற்சிக் காலத்தில் என் தலையில் கட்டப்பட்ட வேலை. ரத்தத்தைப் பத்து பங்காகக் கரைத்து, சிவப்பணுவை உடைத்து, வெள்ளை அணுவுக்கு மட்டும் ஊதா ஏற்றி, தகட்டில் இருக்கும் நாற்பது கட்டத்தையும் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். சாதாரண ரத்தத்தை அதில் விட்டால் வானம் முழுக்க நட்சத்திரம். வடித்த ரத்தம் என்றால் வெறும் வெளிச்சம்; ஐந்தாறு கட்டம் தள்ளி ஒரு ஊதாப் புள்ளி, மறுபடி வெறும் வெளிச்சம். 250 மில்லிப் பை என்றால், அங்கே எண்ணும் ஒவ்வொரு புள்ளிக்கும் பைக்குள் 50,000 அணு என்று அர்த்தம். நூறு புள்ளியைத் தாண்டினால் 50 லட்சம். அமெரிக்கக் கணக்குப்படி ஒரு பையில் 50 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இன்னும் கறார், 10 லட்சத்துக்குக் கீழே. 245 கோடியிலிருந்து 10 லட்சம்! காய்ச்சலைத் தடுக்க மட்டும் என்றால் 50 கோடிக்குக் கீழே வந்தாலே பெரும்பாலும் போதும். புதிய எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கத்தான் லட்சக் கணக்குக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் ஒரு சங்கதி நடந்தது. ஒரு பை பாதியில் நின்றுவிட்டது. ஃபில்டர் பழுது என்று நினைத்து ஸ்டோரில் கெஞ்சி இன்னொன்று வாங்கி மாட்டினேன். பத்து நிமிஷத்தில் அதுவும் அடைத்துக்கொண்டது. இரண்டு ஃபில்டர் போச்சே என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, மூத்த டெக்னீஷியன் ஒருவர் தேநீர் கிளாஸைக்கூட கீழே வைக்காமல், ‘டோனர் எந்த ஊருன்னு பாருங்க டாக்டர்’ என்றார். நீலகிரி. சோதித்துப் பார்த்தால் சிக்கிள் செல் டிரெய்ட், அதாவது சிவப்பணு அரிவாள் போல வளையும் நோயின் மரபணுவை ஒரு பக்கம் மட்டும் சுமப்பவர். அந்த டோனருக்கு ஒரு நோயும் கிடையாது, நன்றாக இருக்கிறார். ஆனால் அவரது சிவப்பணு ஃபில்டர் நாருக்குள் விறைத்து அடைத்துக்கொள்ளும். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த டிரெய்ட் கணிசமாக உண்டு என்று பாடத்தில் படித்திருந்தேன். பாடம் ஃபில்டர் வழியாகத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம்: வார்டில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் பையைப் பிழிந்தோ, காற்றழுத்தம் கொடுத்தோ தள்ளச் சொல்லாதீர்கள். பை ரத்த வங்கிக்குத் திரும்பட்டும். அடைப்புக்கு ஒரு காரணம் இருக்கும்.

அடுத்து, நீங்கள் என்ன கேட்க வேண்டும். ரத்த வங்கி டாக்டரையே நேரில் பாருங்கள், வார்டு வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ‘தலசீமியாப் பிள்ளை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருவோம், ஸ்டோரேஜுக்கு முன்னாடியே லூகோரிடக்ஷன் செய்த பை கிடைக்குமா’ என்று கேளுங்கள். தலசீமியாவுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட பை நல்லது என்றும் சொல்கின்றன. கிடைக்கும் என்றால் அடுத்த தேதியை அவர்களிடம் முன்பே கொடுத்துவிடுங்கள். பத்து நாள் அவகாசம் இருந்தால் உங்கள் மகளுக்கென்று ஒரு பையை எடுத்த அன்றே வடித்து வைக்க முடியும். காலையில் வந்து நின்று மத்தியானம் கேட்டால், இருப்பதில் எது பொருந்துகிறதோ அதைத்தான் தருவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கிடைக்காது என்றால் அடுத்த வழி இருக்கிறது. சில இடங்களில் பையைச் சுழற்றும்போது வெள்ளை அணுப் படலத்தை, ‘பஃபி கோட்’ என்போம், தனியாக எடுத்துவிடுகிறார்கள். இதிலேயே முக்கால்வாசி போய்விடும். அப்படி எடுத்த பையில், தேதி புதிதாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, அதன் மேல் கட்டில் ஃபில்டரையும் மாட்டினால் உங்கள் 1,200 ரூபாய்க்கு உரிய பலன் கிடைக்கும். நாலு வாரப் பழைய பைக்கு ஃபில்டர் மாட்டுவது, என்னைக் கேட்டால், பாதிக் காசைக் கிணற்றில் போடுவது.

‘கழுவிய ரத்தம்’ கேளுங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். சலைனில் அலசிக் கொடுப்பது பிளாஸ்மாவைப் போக்குவதற்கு. உடம்பெல்லாம் தடிப்பு வந்து அரிக்கிறது என்றால் அது உதவும். உங்கள் மகளுக்குத் தடிப்பு வந்ததாக நீங்கள் எழுதவில்லை. அலசுவதில் வெள்ளை அணு ஓரளவுதான் போகும், சிவப்பணுவும் கொஞ்சம் வீணாகும், அலசிய பையை 24 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தலசீமியாப் பிள்ளைகளுக்கு ரத்தத்துக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது தேசிய ரத்த மாற்றுக் குழுவின் முடிவு. ஃபில்டர் விஷயத்தில்தான் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். எல்லாப் பையையும் வடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டில் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் 1999 முதல் எல்லாப் பையும் வடித்த பைதான். அங்கே அதற்குக் காரணம் காய்ச்சல்கூட இல்லை, மாட்டு மூளை நோய் மனிதரிடம் வந்த வடிவம் ரத்தம் வழியாகவும் பரவிவிடுமோ என்ற பயம். நம்மிடம் அந்தப் பயமும் இல்லை, அந்தப் பணமும் இல்லை. எல்லோருக்கும் முடியாவிட்டாலும் வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்றப்போகும் பிள்ளைகளுக்காவது முதல் பையிலிருந்தே வடித்துக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் மகளுக்கு ஒன்பதாம் மாதத்திலேயே அப்படிச் செய்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திருக்காது என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. 1997இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பிளேட்லெட் ஏற்றிக்கொண்ட ரத்தப் புற்றுநோயாளிகளில், வடிக்காததை வாங்கியவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு எதிர்ப்பொருள் உருவானது. வடித்தோ, புற ஊதாக் கதிர் காட்டியோ கொடுத்தபோது அது 17 முதல் 21 பேருக்குக் குறைந்தது.

மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். நம் உடம்பில் நம் வெள்ளை அணு நோயை எதிர்க்கும், உண்மை. பையில் வருவது வேறொருவர் வீட்டுக் காவல் நாய். அதுவும் குளிர்பெட்டியில் இரண்டு நாள் கிடந்து பல் போனது. உங்கள் வீட்டைக் காக்காது; உங்கள் வீட்டு நாயோடு சண்டை மட்டும் போடும். அது போதாதென்று சைட்டோமெகாலோ வைரஸ் என்ற ஒன்று பெரும்பாலும் வெள்ளை அணுவுக்குள் ஒளிந்துகொண்டுதான் பையில் வந்து சேர்கிறது. எச்ஐவி, இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேக நோய், மலேரியா என்று ஐந்தை நாங்கள் ஒவ்வொரு பையிலும் கட்டாயம் சோதிக்கிறோம். இந்த வைரஸ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, வடித்தால் உங்கள் மகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, லாபம்தான்.

இனி தம்பி. உங்கள் கடிதத்தில் காய்ச்சலைவிட என்னைக் கவலைப்படுத்தியது இந்த வரிதான்.

வெளியார் வெள்ளை அணு உள்ளே போனால் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. அது காய்ச்சல் தந்தாலும் ஒரு விதத்தில் பாதுகாப்பு. நெருங்கிய ரத்த உறவில் வருவதோ, அடையாளம் பாதிக்குப் பாதிகூட ஒத்துப்போகலாம்; சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் இன்னும் அதிகமாகவே ஒத்துப்போகலாம். உடம்பு ‘நம்ம ஆள்தானே’ என்று விட்டுவிடும். ஆனால் உள்ளே வந்த லிம்போசைட் என்ற வெள்ளை அணு குழந்தையின் உடம்பை ‘நம்ம இடம்’ என்று எடுத்துக்கொள்ளாது. அங்கேயே தங்கிப் பெருகி, தோல், ஈரல், குடல், கடைசியில் எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகத் தாக்க ஆரம்பிக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சலும் தோல் சிவப்பும் தெரியும். ரத்தம் ஏற்றியதோடு யாரும் அதை முடிச்சுப் போடக்கூட மாட்டார்கள். மிக அபூர்வமாக வருவது. வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

ஃபில்டர் இதற்குக் காவல் இல்லை, இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். வடித்த பிறகு மிஞ்சும் சில லட்சமே போதும். இதற்கு ஒரே வழி பையைக் கதிர்வீச்சில் வைத்து, 25 கிரே அளவு, லிம்போசைட் பெருக முடியாமல் செய்துவிடுவது. அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கே உங்கள் மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்யலாம் என்று ஒரு வழி திறந்தால், வேலூர் சிஎம்சியில் 1980களிலிருந்தே தலசீமியாவுக்கு இதைச் செய்கிறார்கள், கொடையாளியை முதலில் தேடுவது குடும்பத்துக்குள்தான். குடும்பத்தார் ரத்தத்தை முன்பே ஏற்றியிருந்தால் அவர்களுக்கு எதிராக உடம்பு தயாராகி நிற்கும்.

தாய்மாமன் சீர் கொண்டு வரட்டும், ரத்தம் மட்டும் வேண்டாம். அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, சித்தப்பா, அத்தை யாருக்கும் இதே பதில்தான். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். கொடுத்தே தீருவேன் என்றால் வந்து கொடுக்கட்டும். அது பொது இருப்பில் சேர்ந்து வேறொரு பிள்ளைக்குப் போகும், அவர் ரத்தம் உங்கள் மகளுக்குத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளும்படி ரத்த வங்கியில் உறவைச் சொல்லிவிடுங்கள். அப்படியே தம்பிக்குத் தலசீமியா மைனர் (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பது) இருக்கிறதா என்று ஒரு சோதனை எடுத்துவிடுவதும் நல்லது. கல்யாணம் ஆகாதவர் என்றால் கட்டாயம்.

ஃபில்டரைக் கழுவலாமா என்று கேட்டீர்கள். கூடாது. உள்ளே தங்கிய ரத்தம் கிருமிக்கு விருந்து. எத்தனை கழுவினாலும் நாருக்குள் இருப்பது வராது, பிரிட்ஜில் வைத்தாலும் பயன் இல்லை. சில ஃபில்டர் ஒரு பைக்கு, சில இரண்டு பைக்கு என்று உறையிலேயே அச்சிட்டிருக்கும். இரண்டு பைக்கானது என்றாலும் அதே நாள், அதே உட்காரல், நாலு மணி நேரத்துக்குள். ஏற்றி முடித்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் சிஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் பை எண், ரத்தம் எடுத்த தேதி, வடித்த பையா இல்லையா, எந்த ஃபில்டர், ஏற்ற ஆரம்பித்த நேரம், ஆரம்பிக்கும் முன் காய்ச்சல் எவ்வளவு, முடிந்ததும் எவ்வளவு, அதன் பின் நாலு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று எழுதுங்கள். லேபிளில் பெரும்பாலும் ‘லூகோரெட்யூஸ்டு’ அல்லது ‘லூகோடிப்ளீட்டட்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். புரியாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்ற ஆரம்பிக்கும் முன்பே பாரசிட்டமால் கொடுக்கச் சொன்னால், அதையும் நேரத்தோடு எழுதுங்கள், ஏனென்றால் அது சூட்டை மறைத்துவிடும். மூன்று தடவை எழுதிய பிறகு அந்தப் பக்கங்களோடு ஆன்டிபாடி ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.